பழைய காருக்கு எல்.ஈ.டி விளக்கு: வாங்குவதா, செய்வதா, பல்பையே வைத்திருப்பதா?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் மொறிஸ் மைனர் வைத்திருக்கும் ஐயா ஒருவருக்கு இரவில் பாதை சரியாகத் தெரிவதில்லை. முழு எல்.ஈ.டி ஹெட்லைட் வாங்கிப் பூட்டலாமா என்கிறார். வத்தளையில் பழைய சன்னி ஓட்டுபவரிடம் கடைக்காரர் எல்.ஈ.டி பல்ப் ஒரு சோடியை நீட்டி, "கழற்றி மாட்டினால் முடிந்தது" என்றிருக்கிறார். தெஹிவளைத் தம்பி ஒருவருக்கு அப்பாவின் பொக்ஸ் லான்சருக்குப் பின் விளக்கைத் தன் கையாலேயே சோல்டர் பண்ணிச் செய்ய ஆசை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கொழும்பில் பலர் கையிலிருந்த காரையே பார்த்துப் பார்த்துத் திருத்தப் பழகிவிட்டார்கள். அதனால் இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்று நினைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் 1964 மைனர். கீழே வரும் நான்கு வழிகளில் மூன்றை அதிலேயே செய்து பார்த்திருக்கிறேன். ஒன்று பிழையாகப் போனது. ஹெட்லைட்டில் எல்.ஈ.டி பல்ப் போட்டிருந்த காலம் அது. ஒரு மழை இரவு, நீர்கொழும்பு வீதியில் ஹெந்தளைச் சந்தியைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். எதிரே சைக்கிளில் வந்த வயதானவர் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி தடுமாறி, வீதியோரக் கானுக்குள் முன்சில்லை இறக்கிவிட்டார். நிறுத்தி ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். "தம்பி, ஒண்டும் தெரியேல்லை" என்றார். நான் டிம்மில்தான் வந்தேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தப் பல்புகளைக் கழற்றினேன். இந்தக் கட்டுரையின் தீர்ப்பு அன்றைக்கே எனக்குள் எழுதப்பட்டுவிட்டது: முன்னால் பல்ப், பின்னால் எல்.ஈ.டி. ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் எதிரே வருபவரின் கண். விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைவிட அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். நாம் இடப்பக்கமாக ஓடுபவர்கள். டிம் வெளிச்சத்துக்கு மேலே ஒரு தெளிவான கோடு இருக்கவேண்டும். அந்தக் கோடு வலப்பக்கம் தட்டையாகப் போய், இடப்பக்கம் மட்டும் நடைபாதையைக் காட்டும்படி மேலே ஏறவேண்டும்.

இரண்டாவது கரண்ட். பழைய காரில் வோல்டேஜ் நிலையாக நிற்காது. எஞ்சின் நின்றால் 12.6, ஓடினால் 14.4 வரை, ஸ்டார்ட் பண்ணும்போது 9 அளவுக்கும் இறங்கும். டைனமோ (எஞ்சின் சுழற்சியில் கரண்ட் உண்டாக்கும் பழைய வகைக் கருவி) உள்ள காரென்றால் நிலைமை இன்னும் இறுக்கம். மைனரில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் 22 அம்பியர் தரும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஐட்லில் நிற்கும்போது ஒன்றுமே தராது. எல்லாம் பற்றரியிலிருந்துதான் போகும்.

மூன்றாவது நம் ஊரின் வெயில், மழை, கடற்காற்று. நான்காவது, வழியில் பழுதானால் என்ன செய்வீர்கள் என்பது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பத்து மணிக்கு மதவாச்சியில் ஒரு விளக்கு போனால் கடையில் என்ன கிடைக்கும்? கடைசியாக, செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? பழைய காரின் பெறுமதியே அதன் அசல் தன்மையில்தான் இருக்கிறது.

விலையை நான் வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். இதில் மலிவானது பல தடவை இரண்டாம் முறை வாங்கவைக்கும்.

வழி 1: பல்பை வைத்துக்கொண்டு வயரிங்கைத் திருத்துவது

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் இரவில் பாதை தெரியவில்லை என்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து இதுதான்.

இழை பல்பின் ஒளி வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4 ஆம் அடுக்கில் குறையும். அதாவது பல்புக்குப் போகும் வோல்டேஜில் பத்து வீதம் குறைந்தால் ஒளியில் முப்பது வீதம் போய்விடும். என் மைனரில் பற்றரியில் 12.5 காட்டிய மீற்றர், ஹெட்லைட்டின் பின்னால் 10.9 காட்டியது. ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே தொலைந்திருந்தது. அறுபது வருடத்து வயர், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச், பச்சைப் பூஞ்சணம் பிடித்த இணைப்புகள், துருப்பிடித்த எர்த் (காரின் உலோக உடலோடு சேரும் இணைப்பு) என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது.

செய்யவேண்டியது இது: டிம்முக்கு ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஹை பீமுக்கு ஒரு ரிலே, பற்றரியிலிருந்து நேராகப் பியூஸ் வைத்த தடித்த வயர், இரண்டு விளக்குக்கும் புதிய எர்த். பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இயக்கும். விளக்குக்குள் ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் ஏழு அங்குல எச்4 (டிம், ஹை இரண்டு இழையும் ஒரே பல்பில் உள்ள வகை) யூனிட் ஒரு சோடி மாற்றுங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இவை எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும். ரிலே, வயர், நல்ல பல்ப் மூன்றும் சேர்ந்தாலும் ஒரு டாங்க் பெட்ரோல் காசைத் தாண்டாது. கூலி மட்டும் தனி.

மறைந்த செலவு நேரம். நல்ல வயரிங் பாஸ் ஒருவர் இதற்கு அரை நாளாவது எடுப்பார். ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் பழைய வயரில் வெட்டி முறுக்கி டேப் சுற்றப்போகிறார் என்று அர்த்தம்.

குறை ஒன்றுதான்: கரண்ட் மிச்சமாகாது. இரண்டு 55 வாட் இழைகள் முன்போலவே ஒன்பது அம்பியர் அளவில் குடிக்கும். ஆனால் எச்4 பல்ப் சிறிய ஊர்க் கடையிலும் இருக்கும். இருட்டில் கையால் தடவியே மாற்றலாம்.

வழி 2: பல்பை மட்டும் எல்.ஈ.டி ஆக்குவது

வத்தளைக்காரருக்கு நீட்டப்பட்ட சோடி இதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் இதைத் தனித்தனியாகத்தான் பேசவேண்டும்.

முன்னால் வேண்டாம். எச்4 பல்பில் டிம் இழை சில மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு சுருள். அதன் கீழே ஒரு சிறு தகட்டுக் கிண்ணம் இருந்து, ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கும். ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த இழை நிற்கும் புள்ளியைக் கணக்கு வைத்து வளைக்கப்பட்டது. எல்.ஈ.டி பல்பில் ஒளி, ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிய சில்லுகளிலிருந்து வருகிறது. இடம் ஒரு மில்லிமீற்றர் மாறினாலே கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு முன்னால் பளீரென்று தெரிவதால் ஏமாந்துவிடுகிறோம், நானும் ஏமாந்தேன். கிட்டத்து வீதி வெள்ளையாகும்போது கண் சுருங்கி, தூரத்து மாடு இன்னும் தெரியாமல் போகிறது. ஜேர்மனி 2020 இல் இத்தகைய பல்புக்கு அனுமதி கொடுத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாதிரிகளுக்கு மட்டுமே கொடுத்தது. 1984 சன்னி அந்தச் சோதனைக்குப் போனதில்லை.

பின்னால் பரவாயில்லை, சில நிபந்தனைகளோடு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.ஈ.டியே போடுங்கள். வெள்ளை போட்டால் பெரும்பகுதி ஒளியைக் கண்ணாடி விழுங்கிவிடும். மிச்சம் இளஞ்சிவப்பாக வெளிறித் தெரியும். இரட்டை இழை பல்புக்குப் பதிலாகப் போடுவதில் பிரேக்குக்கும் சாதாரண பின் விளக்குக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பகலிலேயே பாருங்கள். பழைய பல்பில் அது 21 வாட்டுக்கு 5 வாட். மலிவான எல்.ஈ.டி பலவற்றில் இரண்டும் ஒன்றுபோலவே எரியும். பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது.

சிக்னல்தான் தொல்லை. சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர், பல்பு குடிக்கும் கரண்டின் சூட்டில்தான் அடிக்கிறது. எல்.ஈ.டி போட்டதும் ஒன்று வேகம் கெட்டு அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. இதற்குச் சிலர் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை (கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) இடையில் போட்டுவிடுகிறார்கள். அது எரியும்போது முப்பது வாட்டுக்கு மேல் சூடாகும். பிளாஸ்டிக்கில் தொட்டால் உருகும். கரண்ட் மிச்சம் என்ற காரணமும் அதோடு போய்விடும். எலெக்ட்ரோனிக் பிளாஷர் மாற்றுவதுதான் முறை.

மொறிஸ், ஒஸ்டின் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடலில் எர்த் ஆகியிருக்கும். கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி பல்பின் உலோகக் கழுத்து மைனஸ் என்று எண்ணிச் செய்யப்பட்டது. இரு முனையிலும் எரியும் என்று தெளிவாகப் போட்டிராவிட்டால் அது எரியாது. எலெக்ட்ரோனிக் பிளாஷருக்கும் இதே கதை.

வழி 3: முழு எல்.ஈ.டி ஹெட்லைட் யூனிட்

ஏழு அங்குல வட்ட விளக்கு என்பது ஒரு பழைய பொது அளவு. மைனர், மினி, லேண்ட் றோவர், ஜீப் எல்லாவற்றுக்கும் அதுதான். அதனால் முழு யூனிட்டாக எல்.ஈ.டி கிடைக்கிறது. ஒளிமூலமும் கண்ணாடியும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை என்பதால் நல்ல யூனிட்டில் கோடு சுத்தமாக விழும். கோட்பாட்டில் முன் விளக்குக்கு எல்.ஈ.டி போடச் சரியான வழி இதுதான்.

சிக்கல், நல்லதைக் கண்டுபிடிப்பதில். இணையத்தில் விற்பவற்றில் பல, வலப்பக்கமாக ஓடும் நாடுகளுக்கானவை. அவற்றின் ஏறும் கோடு எதிரே வருபவரின் முகத்துக்கே போகும். விளக்குக்கு நேர்முன்னால் நின்று கண்ணாடியில் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒப்புதல் எண்ணோடு, உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் நம் பக்கத்துக்கானது. இரண்டு பக்கமும் காட்டினால் மாற்றியமைக்கலாம். அம்பே இல்லாவிட்டால் நமக்கானது இல்லை. குறியையும் போலியாகப் பொறிப்பார்கள். ஆகவே கடைசித் தீர்ப்பு சுவரில்தான்: சமதரையில் பத்து மீற்றர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். கோடு விளக்கின் நடுப்புள்ளியைவிட ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர் கீழே, இடப்பக்கம் மட்டும் ஏறி நிற்கவேண்டும். கடைக்காரர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள்.

பின்பக்கத்து அலுமினியக் குளிர்விப்பான் பழைய விளக்குக் கிண்ணத்தில் முட்டுகிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். ஒரு சில்லு போனாலும் முழு யூனிட்டையுமே மாற்றவேண்டிவரும். அடுத்த வருடம் அதே மாதிரி கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோடியாகவே வாங்க நேரிடும். வண்ண வளையம் எரியும் யூனிட்டுகளை விட்டுவிடுங்கள். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. 2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றவைத்தது நினைவிருக்கும்.

வழி 4: பின் விளக்கை நீங்களே செய்வது

எனக்குப் பிடித்த வழி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இதன் முதல் நியாயம் பாதுகாப்பு. இழை பல்ப் முழுதாக எரிய ஏறத்தாழ 0.2 செக்கன் ஆகும், எல்.ஈ.டி உடனே எரியும். மணிக்கு 60 கிலோமீற்றரில் 0.2 செக்கன் என்பது மூன்று மீற்றருக்கு மேல். பின்னால் வருபவருக்கு அவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டாவது நியாயம் டைனமோ. மழை நேரத்து நெரிசலில் பிரேக்கில் கால் வைத்தபடி நிற்கிறோம். இரண்டு 21 வாட் பல்ப் மூன்றரை அம்பியர் குடிக்கிறது. நான் செய்த போர்டுகள் இரண்டும் சேர்ந்து 0.3 அம்பியர். வைப்பரும் ஹெட்லைட்டும் போட்டபடி பம்பலப்பிட்டியில் அரை மணித்தியாலம் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

கணக்கு இதுதான். சிவப்பு எல்.ஈ.டி ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராகக் கோத்தால் 6.3. எஞ்சின் ஓடும் 14.4 இலிருந்து மிச்சம் 8.1 வோல்ட். அதை 20 மில்லி அம்பியரால் வகுத்தால் 405 ஓம். கடையில் கிடைக்கும் 390 ஓம் போதும். இப்படி எட்டுத் தொடர்கள், ஒரு பக்கத்துக்கு 24 எல்.ஈ.டி. ரெசிஸ்டர் அரை வாட்டாக இருக்கட்டும். கால் வாட் தாங்கும்தான், ஆனால் வெயிலில் கொதிக்கும் மூடிய பெட்டிக்குள் அது முழுச் சுமையை நெருங்கியே இருக்கும்.

ஐந்தைக் கோத்தால் ரெசிஸ்டரில் வீணாவது குறையுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். ஐந்துக்கு 10.5 வோல்ட் போய்விடும். மிச்சத்துக்கு 200 ஓம் போட்டால் 14.4 இல் சரியாக எரியும். ஐட்லில் வோல்டேஜ் 12 க்கு இறங்கியதும் கரண்ட் 7.5 மில்லி அம்பியராகிவிடுகிறது. அதாவது நெரிசலில் நிற்கும்போது, தேவைப்படும் அதே நேரத்தில், பிரேக் விளக்கு மங்குகிறது. மூன்றைக் கோத்த போர்டில் அதே 12 வோல்டில் 14.6 கிடைக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஒளி மாறவே கூடாது என்றால் கரண்டை ஒரே அளவில் வைத்திருக்கும் நிலைகரண்ட் டிரைவர் போடலாம். எப்படியானாலும் உள்வரும் வயரில் ஒரு மின்னெழுச்சி தடுக்கும் டயோட் வையுங்கள். பற்றரி முனை ஓட்டத்தில் தளர்ந்தால் வரும் வோல்டேஜ் துள்ளல் முழுப் போர்டையும் கொன்றுவிடும்.

பிரேக் ஒளி பின் விளக்கைப்போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். பின் விளக்கு வயரில் கூடிய ஓம் ரெசிஸ்டர், பிரேக் வயரில் குறைந்த ஓம், இரண்டிலும் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் திரும்பாமலிருக்க டயோட். எல்.ஈ.டி வாங்கும்போது ஒளிரும் கோணத்தைக் கேளுங்கள். கூர்மையான கோணம் நேர் பின்னால் கண்ணைக் குத்தும். பக்கத்தால் வரும் முச்சக்கர வண்டிக்குத் தெரியாது. 120 பாகை போன்ற அகலக் கோணம்தான் வேண்டும். கண்ணாடியிலுள்ள சிவப்புப் பிரதிபலிப்பானை மறைக்காதீர்கள். விளக்கு அணைந்து வீதியோரம் நிற்கும்போது உங்களைக் காட்டுவது அது ஒன்றுதான்.

பிளஸ் எர்த் காருக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. கடைப் பல்பின் முனைகளைத் திருப்ப முடியாது. ஆனால் நீங்கள் செய்யும் போர்டில் எல்.ஈ.டிகளை ஆரம்பத்திலேயே எதிர்த்திசையில் கோர்த்துவிடலாம். என் மைனரில் அப்படித்தான். சிக்னலை மட்டும் பல்பாகவே விட்டேன். பழைய பிளாஷர் "டிக் டிக்" என்று அடிப்பதைக் கெடுக்க மனமுமில்லை.

மறைந்த செலவுகளைச் சொல்லாவிட்டால் பாவம். பல்பு தன் சூட்டால் விளக்குக்குள் வரும் ஈரத்தைக் காயவைத்துவிடும், எல்.ஈ.டி காயவைக்காது. என் முதல் போர்டு ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்தது. இரண்டாவதில் போர்டு முழுக்கப் பாதுகாப்பு வார்னிஷ் பூசி, புது றப்பர் வைத்து, அடியில் ஊசித் துளை ஒன்று விட்டேன். அதன் பிறகு தொல்லையில்லை. சிவப்பு எல்.ஈ.டி சூடானால் ஒளி குறையும். அதனால் நடுப்பகலில் வெயிலில் நின்ற காரில் ஒருமுறை பார்க்கவேண்டும். சாமான்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் சல்லி விலைக்குக் கிடைக்கும். நேரம்தான் போகும்: எனக்கு ஐந்து சனிக்கிழமைகள் ஆனது. வழியில் பழுதானால் எந்தக் கடையிலும் இது கிடைக்காது. ஆகவே பழைய பல்பு பிடியை வெட்டாமல், அதில் செருகும் கழுத்தோடு போர்டைச் செய்யுங்கள். பழுதானால் போர்டைக் கழற்றிப் பல்பைச் செருகிவிட்டு ஓடலாம்.

| | வயரிங் திருத்தம் | எல்.ஈ.டி பல்ப் | முழு யூனிட் | சொந்தப் போர்டு |
|---|---|---|---|---|
| எங்கே பொருந்தும் | முன், பின் | பின் மட்டும் | முன் | பின் மட்டும் |
| எதிரே வருபவர் கண் | பாதுகாப்பு | முன்னால் போட்டால் ஆபத்து | அம்புக்குறியும் சுவரும் சொல்லும் | கேள்வியில்லை |
| கரண்ட் மிச்சம் | இல்லை | உண்டு | உண்டு | அதிகம் |
| பிளஸ் எர்த் கார் | பிரச்சினையில்லை | பெரும்பாலும் எரியாது | கேட்டு வாங்கவும் | நீங்களே தீர்மானிக்கலாம் |
| மதவாச்சியில் பழுதானால் | கடையில் பல்ப் | பழைய பல்ப் செருகலாம் | கையிருப்பில் பழைய யூனிட் வேண்டும் | பழைய பல்ப் செருகலாம் |
| மறைந்த செலவு | நல்ல பாஸின் அரை நாள் | பிளாஷர் | சோடியாக மாற்றுவது | ஈரம், உங்கள் நேரம் |

மூவருக்கும்

கொட்டாஞ்சேனை ஐயா: யூனிட்டுக்குக் காசு கொடுக்கமுதல் ஒரு மீற்றரால் பற்றரியிலும் விளக்கிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். ஒரு வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போடுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் இடப்பக்க ஓட்டத்துக்கான யூனிட்டைப் பற்றிப் பேசலாம். உங்கள் கார் பிளஸ் எர்த்தா என்றும் பாருங்கள்.

வத்தளைக்காரருக்கு: அந்தச் சோடியை முன்னால் பூட்டவேண்டாம். பின்னால் பிரேக்குக்குச் சிவப்பு எல்.ஈ.டி பல்பும், சிக்னலுக்கு எலெக்ட்ரோனிக் பிளாஷரும் போடுங்கள். தினமும் ஓடும் காருக்கு அது போதும். எந்த மாற்றத்தையும் காப்புறுதிக்காரருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

தெஹிவளைத் தம்பிக்கு: செய்யுங்கள். லான்சர் மைனஸ் எர்த் என்பதால் உங்கள் வேலை என்னுடையதைவிடச் சுலபம். முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் போர்டைச் செய்து, காரில் பூட்டாமல், மொட்டை மாடியில் வெயிலில் ஒரு கிழமை பற்றரியோடு எரியவிடுங்கள். மழை வந்தால் எடுக்காதீர்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவாருங்கள். என் மைனருக்குப் பக்கத்தில் வைத்து, இருபது அடி தள்ளி நின்று, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.